விசிறிக்கு மூன்று விரல் தள்ளி

கம்பத்தில் அழகுமலையின் ஒர்க்ஷாப்பில் வண்டியைப் பிரிப்பதும் பூட்டுவதும் பொன்னுராஜ். பெயர் வாங்குவது அழகுமலை. இந்த ஏற்பாடு எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எண்பத்தாறில், ஏலக்காய் வியாபாரி அமானுல்லாவின் டீசல் ஜீப் வந்தபோதுதான் அழகுமலை முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"இது மட்டும் குமுளி மலைய மூச்சு வாங்காம ஏறிருச்சுன்னா, தொழில்ல ஒனக்கும் ஒரு பங்குடா."

அமானுல்லா எங்கேயோ ஏலத்தில் எடுத்த பழைய டர்போவைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அது எஞ்சினுக்குள் காற்றை நெருக்கித் தள்ளும். ஆனால் அதை இந்த எஞ்சினோடு சேர்க்கும் குழாய் எந்தக் கடையிலும் கிடையாது. பொன்னுராஜே இரும்புக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, வளைவு வளைவாகப் பற்றவைத்தான். வண்டிக்குள் வைத்துப் பற்றவைத்தால் ஒயரெல்லாம் வெந்துவிடும் என்று வெளியே வைத்தே முடித்தான். விசிறிக்கு மூன்று விரல், பிரேக் குழாய்க்கு இரண்டு விரல் இடைவெளி. எஞ்சின் குலுங்கினாலும் எதிலும் இடிக்காதபடி நடுவில் ரப்பர் குழாய் போட்டு, கிளிப்பை முறுக்கினான். எஞ்சினை உறுமவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தான். எதுவும் எதையும் தொடவில்லை. அவனுக்கே அவன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மறுநாள் பூஜை. அழகுமலை சந்தனம் குங்குமம் வைத்தார். கண்ணேறு படப்போவது குழாய்மேல்தான் என்பதால், பானெட்டைத் திறந்து குழாயிலேயே எலுமிச்சை மாலையைக் கட்டினார்.

"அண்ணே, அங்கன வேணாம்ணே. விசிறி இழுத்துரும். பம்பர்ல கட்டுவோம்."

"ஏலே, டர்போ என்ன பம்பர்லயா இருக்கு? வேதக்காரனுக்கு எலுமிச்சம்பழத்தப் பாத்தாலே ஆகாதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுராஜ் கிறிஸ்தவன். இதற்குமேல் பேசினால் அது மதச்சண்டை. பொன்னுராஜ் வாயை மூடினான். அழகுமலை பானெட்டை மூடினார்.

லோயர் கேம்ப் தாண்டி முதல் வளைவுவரை ஜீப் பறந்தது. பிறகு முன்னால் படபடவென்று ஒரு சத்தம். விசிறி மாலையை இழுத்து, கயிற்றைச் சுற்றிக்கொண்டு, இதழ் வளைந்து ரேடியேட்டரைக் கிழித்திருந்தது. பானெட்டைத் திறந்தால் நீராவியில் எலுமிச்சை ரசம் மணந்தது.

சாமிக்குக் கட்டிய மாலையைக் குறை சொல்ல முடியாது. கட்டியவரையும் சொல்ல முடியாது. மீதி ஓர் ஆள்தான்.

"பூஜையில நீ கும்பிடலையேடா. கையக் கட்டிக்கிட்டுத்தான நின்ன?" என்றார் அழகுமலை.

"பாயுந்தான் கும்பிடல," என்றான் பொன்னுராஜ்.

"நான் வண்டிக்குச் சொந்தக்காரன்ப்பா," என்றார் அமானுல்லா. "ஒரு தடவ கும்பிட்டுட்டுப் போயேன். எனக்கு வண்டி ஏறணும்."

ரேடியேட்டர் மாற்றி, விசிறி மாற்றி, மறுபடியும் பூஜை. குழாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை. இந்தத் தடவை மாலையைப் பொன்னுராஜ் கையிலேயே கொடுத்தார்கள். அவன் அதைப் பம்பரில் கட்டினான். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. எல்லோர் கண்ணும் அவன் கைமேலேயே இருந்தது. பங்கை நினைத்துக்கொண்டு கும்பிட்டான்.

ஜீப் ஒரே மூச்சில் குமுளி ஏறியது.

"பாத்தியாடா?" அழகுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. "கும்பிட்டதும் ஏறிருச்சு!"

சொன்ன சொல் தவறாமல் பங்கும் கொடுத்தார். அந்த ஞாயிறு வேதக்கோவிலில் பொன்னுராஜ் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. வீட்டில் மனைவி கிருபாவதி சோறு போட்டாள். பேச்சு மட்டும் போடவில்லை.

திங்கட்கிழமை வாசலில் ஒரு லாரி நின்றது.

"கும்பிட்டா வண்டி மலையேறுதுன்னு சொன்னாக, அந்த வேதக்காரர் நீங்கதானாண்ணே?" என்றான் டிரைவர்.

பொன்னுராஜ் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். உள்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தது. "பிரேக் ஒழுகுதேப்பா. கழட்டிப் பாக்கவா?"

"அதுக்கெல்லாம் ஏதுண்ணே நேரம்? கும்பிட்டு விடுங்க, கெளம்புறேன்."

அழகுமலை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுராஜ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.