கத்திரி வெயில் எழுப்பிய புல்

சண்முகவடிவுக்குத் தன் புல்விதைமேல் இருந்த நம்பிக்கை அவளுடைய பேராசிரியர் சுந்தரராமனுக்கு இல்லை. மேய்ச்சல் காட்டிலிருந்து தை மாதம் அவள் உருவி வந்த கொழுக்கட்டைப்புல் விதை, ஈரம் காட்டியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. "செத்த விதைம்மா. ஆடி வரைக்கும் பாரு. இல்லேன்னா வேற தலைப்பு எடுத்துக்கோ" என்றுவிட்டார். வேறு தலைப்பு என்றால் இதுவரை செய்த ஆராய்ச்சி அத்தனையும் கோவிந்தா.

வடிவு அசரவில்லை. விதை சாகவில்லை, தூங்குகிறது. கோடை முழுக்கச் சூட்டில் கிடந்தால்தான் மழைக்கு எழுந்திருக்கும் என்பது அவள் கட்சி. தி. நகரில் அப்பாவின் பாத்திரக்கடைக்கு மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடியில் தகரக் கொட்டகை. சித்திரையில் அங்கே கால் வைத்தால் கொப்பளிக்கும். இதைவிட நல்ல சோதனைக்கூடம் எந்தக் கல்லூரியில் உண்டு? இரண்டு துணிப்பைகளில் விதையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள்.

ஆடி பிறந்ததும் ஏறிப் பார்த்தால் ஒரு பைதான் தொங்கியது.

"நான்தான் எடுத்தேம்ட்டி," என்றாள் அம்மா இசக்கியம்மாள். "ஒம் படிப்பு வெயில்ல கெடந்து வேவுதே, ஒண்ணாவது பொழைக்கட்டும்னு கத்திரிக்கு முன்னயே ஃபிரிஜ்ஜுல வச்சிட்டேன். ரெண்டுக்கும் எடம் இல்ல."

தெருவிலேயே முதல் ஃபிரிஜ் அது. வீட்டில் மதிப்புள்ளது எதுவானாலும் அம்மா அதற்குள்தான் வைப்பாள். வடிவு கத்தத் தொடங்கினாள். பாதியிலேயே சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பையும் ஒரே காட்டில் ஒரே நாளில் உருவியவை. வித்தியாசம் சூடு மட்டும்தான்.

கல்லூரியில் இரண்டையும் தனித்தனித் தட்டில் ஈரத்தாளின்மேல் பரப்பினாள். அந்த வாரமே கொட்டகை விதை பச்சைப்பசேலென்று தலைநீட்டியது. ஃபிரிஜ் விதை கும்பகர்ணன்.

சுந்தரராமன் லேசில் விடுகிற ஆளா? "நாள்பட்டா எந்த விதையும் முளைக்கும். வெயில்தான் காரணம்னு எப்படிச் சொல்றே?"

வடிவு இரண்டாவது தட்டை நகர்த்தினாள். "இதுக்கும் அதே வயசுதான் சார். ஃபிரிஜ்ஜுல இருந்துச்சு."

"குளிர்ல செத்திருக்கும்."

"இதுலயே கொஞ்சத்தை உமி உரிச்சுப் போட்டேன் சார். முளைச்சிருக்கு. உயிர் இருக்கு, உமிதான் எழ விடல." மூன்றாவது தட்டும் வந்தது.

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "தலைப்பை மாத்தவேண்டாம்," என்றார்.

வீட்டில் இசக்கியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னட்டி, நான் வச்சது பொழச்சுதா?"

வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது முளைக்கவே இல்லம்மா. அதனாலதான் நான் பொழச்சேன்."