பதினொரு மணிக்கு நிற்கும் நெட்

முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவன் நான். புகார் கொடுக்க வருகிறவனை எப்படி உட்காரவைப்பது, எப்படி அலையவிடுவது, எப்படி அவனாகவே ‘ஆளை விடுங்க சாமி’ என்று கும்பிட்டுப் போகவைப்பது என்பதில் எனக்குத் தெரியாத வித்தை கிடையாது. அப்பேர்ப்பட்ட ராஜரத்தினத்தை ஒரு இன்டர்நெட் ஒயர் ஏழு மாதமாகப் புகார்க்காரனாக்கி வைத்திருந்தது. செய்த பாவம் சும்மா விடுமா?

என் மகள் பிரிஸ்கில்லாவுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதுதான் தாமதம், நானே போய் மூட்டை கட்டி அவளை ராஜபாளையத்துக்குக் கூட்டிவந்துவிட்டேன். தினமும் பதினொரு மணிக்கு அவளுக்கு மீட்டிங். சரியாக அந்த நேரம் பார்த்து நெட் செத்துப்போகும். அரை மணி நேரம் கழித்துத் தானாக உயிர்த்தெழும்.

“மாசக் கடைசிக்குள்ள நெட் சரியாகலேன்னா ஆபீசுக்கே வந்துரணும்னு மேனேஜர் சொல்லிட்டாருப்பா” என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே பிள்ளை. காலேஜ், ஹாஸ்டல், வேலை என்று எட்டு வருஷம் வெளியூரிலேயே கிடந்தவள். அவள் என் வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

நெட் கொடுத்தவன் எட்வின், என் மனைவி தங்கபாயின் கூடப்பிறந்த தம்பி. எங்கள் தெருவுக்கே கேபிளும் நெட்டும் அவன்தான். எந்த நோய்க்கும் ஒரே வைத்தியம் வைத்திருந்தான்.

“அத்தான், ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க.”

“பண்ணியாச்சுலே.”

“அப்ப கொரங்கு ஒயர இழுத்திருக்கும். மலையில தண்ணி இல்லைல்லா, அம்புட்டும் ஊருக்குள்ள எறங்கிட்டு.”

மழை பெய்து மலை பச்சைப்பசேல் என்று ஆனதும் பழி அணில் மேல் விழுந்தது. அணில் அகப்படாத நாளில் பக்கத்து வீட்டு வேப்பங்கிளை. என் சர்வீசில் ஒரே கேசில் இத்தனை பேரை நான் சேர்த்ததில்லை.

நெட் கம்பெனியை மாற்றிவிடலாம் என்று வாயெடுத்தேன். தங்கபாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எந்தம்பி குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது ஊரான் ஒயரு இந்த வீட்டுக்குள்ள வரணுமாக்கும்? ஞாயித்துக்கெழம சர்ச்சுல எங்க ஆளுக மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு உடன்பாடு வந்தது. புது ஒயர் வரலாம். ஆனால் எட்வின், பிரிஸ்கில்லாவுக்குத் தாய்மாமன். தொட்டிலில் போட்ட நாளிலிருந்து அவளுக்கு எந்த நல்ல காரியமும் மாமன் கை படாமல் நடந்ததில்லை. ஆகவே புது நெட்டையும் மாமன்தான் தொடங்கிவைக்க வேண்டும்.

புதுக் கம்பெனியின் ஆபீஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் இருந்தது. கவுண்டரில் மாரிசெல்வி என்ற பெண் ஃபாரம் கொடுத்தாள். ‘பழைய இணைப்பை விடக் காரணம்’ என்று அதில் ஒரு கட்டம். ‘மைத்துனர்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்துவிட்டுச் சீல் அடித்தாள்.

இணைப்புக் கொடுத்த அன்று எட்வின் தேய்த்த வெள்ளைச் சட்டையில், தட்டில் பழமும் பூவுமாக வந்து நின்றான். மோடம் பிரிஸ்கில்லாவின் அறையில் இருந்தது. தன் பிழைப்பில் மண் போட வந்த அந்தப் பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபம் பண்ணினான். ‘இந்தக் கருவி ஒரு குறையுமில்லாமல் ஓட’ என்ற இடத்தில் அவன் குரல் கம்மிவிட்டது. பிறகு சுவிட்சைப் போட்டான். பச்சை விளக்கு எரிந்ததும் தங்கபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் நெட் பறந்தது. நாலாம் நாள் பதினொரு மணிக்கு நின்றது.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். பாட்டுப் போட்டார்கள். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்’ என்றார்கள். மறுபடியும் பாட்டு. கடைசியில் ஒரு புகார் எண்ணைக் கொடுத்து வைத்துவிட்டார்கள். ‘ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, செத்த நேரம் உக்காருங்க’ என்று நான் சொன்னதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நானாவது பெஞ்சு கொடுத்தேன்.

எனக்குச் சந்தேகம் எட்வின் மேல். வயிற்றெரிச்சலில் ஒயரைப் புடுங்குகிறான் என்று முடிவு கட்டி, மறுநாள் பத்தரை மணிக்குக் கம்பும் குடையுமாக மொட்டை மாடியில் காவலுக்கு உட்கார்ந்தேன். எட்வின் வரவில்லை. குரங்கும் வரவில்லை. பதினொரு மணி ஆனதும் கீழேயிருந்து பிரிஸ்கில்லா கூப்பிட்டாள். “அப்பா, நெட்டு போயிருச்சு!”

நேரே பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய், படியேறும்போதே சத்தம் போட ஆரம்பித்தேன். மாரிசெல்வி அசரவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “லைன்ல ஒரு கொறையும் இல்ல சார். மோடத்துக்குத்தான் கரண்ட் போகல” என்றாள்.

“வீட்டுல கரண்ட் இருக்கேம்மா. ஃபேன் ஓடுது, டிவி ஓடுது.”

“அப்ப யாரோ சுவிட்ச அமத்துதாங்க சார். நேத்து பத்து அம்பத்தெட்டுக்கு ஆஃப், பதினொண்ணு முப்பத்தொண்ணுக்கு ஆன். இன்னிக்கும் அதே பத்து அம்பத்தெட்டு. நீங்களே பாருங்க.”

பார்த்தேன். அந்த அறைக்குள் அந்த நேரத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள். வீட்டுக்கு வெளியே திருடனைத் தேடி மாடியில் கம்போடு உட்கார்ந்திருந்த என்னை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது. குரங்கு, அணில், எட்வின் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கோபம் வந்தது. இரண்டு அறை விட வேண்டும் என்றுதான் வண்டியைக் கிளப்பினேன். ஆனால் வழியெல்லாம் விசாரணை என் பக்கமே திரும்பியது. மற்ற நேர மீட்டிங்கில் அவள் இருக்கும்போது குழம்புக்கு உள்ளி உரிக்கக் கூப்பிட்டது அவள் அம்மா. வேலை நேரத்தில் இரண்டு தடவை பெண் பார்க்க ஆளைக் கூட்டிவந்து சேலை கட்டச் சொன்னது நான். ஒவ்வொரு மீட்டிங்கும் முடிந்ததும், “பேசுனது யாரு? எந்த ஊரு?” என்று கேட்டதும் நான். கதவு சாத்தியிருந்தால் வெளியே நின்று ஒட்டுக் கேட்டிருக்கிறேன். பிள்ளையை வீட்டில் வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டு ஏழு மாதமாக லாக்கப்பில் வைத்திருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். பிரிஸ்கில்லா வாசலுக்கே வந்தாள்.

“என்னப்பா சொன்னாவ?” என்று கேட்டவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு கேள்வி கேட்டால் போதும், ஒப்புக்கொண்டுவிடுவாள். எனக்குத் தெரியும்.

“இந்த ஏரியா லைனே சரியில்லையாம்மா. எந்தக் கம்பெனிய மாத்துனாலும் இப்படித்தானாம்” என்றேன். “வேலதான் முக்கியம். நீ சென்னைக்கே போயிரு.”

“நெசமாவாப்பா?”

“ஆமா. நல்லா வெசாரிச்சுட்டேன்.”

உள்ளே தங்கபாய், “இதுக்கு எந்தம்பி நெட்டே தேவல” என்று அழுதாள். பிரிஸ்கில்லா கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அறைக்குள் போய்ச் சென்னை பஸ்ஸுக்கு டிக்கெட் போட உட்கார்ந்தாள். நெட் ஒரு நொடிகூட நிற்கவில்லை.