மண்ணுக்குள் போகிற பக்கம்

கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் பெயர் வெட்டுகிறவன் நான். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அழுதுகொண்டு வருகிறவர்களிடமும் சிடுசிடுவென்றுதான் பேசுவேன். அன்றைக்கு ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தார்கள். இறந்தவன் கிழவிக்கு ஒரே மகன். இருவருக்கும் தாய்மொழி வேறு வேறு. என்னிடம் என் மொழியில் அரைகுறையாகப் பேசினார்கள்.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. உளி வைப்பதற்கு முன் சுண்ணக்கட்டியால் பெயரை எழுதிக் காட்டுவேன். வீட்டார் பார்த்து "வெட்டுங்க" என்று சொன்னால்தான் வேலை. எழுதினேன். மருமகள் தலையாட்டினாள். கிழவிக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாசித்துக் காட்டினேன்.

"கடைசியில 'லு' எங்க?" என்றாள் கிழவி.

அவள் மொழியில் பெயரோடு 'லு' சேர்த்தால் 'என் குட்டி' என்று அர்த்தமாம். பெற்றவள் மட்டும்தான் சேர்க்கலாமாம். மருமகள் மொழியில் அதே 'லு' ஒட்டினால் புத்தி பேதலித்தவன். எங்கள் பேச்சிலோ கல்லு, பல்லு, புல்லு என்று சும்மா வந்து ஒட்டிக்கொள்ளும், ஒரு மண்ணும் அர்த்தம் கிடையாது. "இதுக்கா இவ்வளவு ரகளை?" என்று கேட்டே விட்டேன்.

மருமகள் அழுதாள். "எங்க ஆளுங்களும் இங்கதான் வருவாங்க. என் பொண்ணு அப்பாவைப் பார்க்க வந்து நிக்கும்போது பக்கத்துல ஒருத்தன் சிரிச்சா?"

"நாப்பது வருஷமா அவனை நான் மொட்டையா கூப்பிட்டதே இல்லப்பா" என்றாள் கிழவி. "அது இல்லாட்டி இது யாரோ."

யாரைக் குறை சொல்வது? அபூர்வமாக நல்ல புத்தி வந்து ஒரு வழி சொன்னேன். கல்லில் ஒரு முழம் மண்ணுக்குள் போகும். அங்கே 'லு' வெட்டித் தருகிறேன், யார் கண்ணிலும் படாது. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள்.

"அவன் பக்கமா இருக்குமா?" என்று கேட்டாள் கிழவி.

"அவர் பக்கமேதாம்மா."

முன்பக்கத்தை மூன்று நாளில் முடித்தேன். அடிப்பக்கத்தை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். ஒரே ஓர் எழுத்து, அரை மணி நேர வேலை. ஒருநாள் காலையில் பல்வலி என்று கடைக்குப் போகவில்லை. கல் நடுகிறவர்கள் வந்து, பெயர்தான் முடிந்திருக்கிறதே என்று தூக்கிப்போய், சிமெண்டு போட்டு நட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. இனிப் பெயர்த்தெடுத்தால் கல் உடைந்துபோகும். எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கிழவி வாரா வாரம் வருகிறாள். கல்லின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை. நேராகக் குனிந்து, அடியில் சிமெண்டின் மேல் உள்ளங்கையை வைத்து, 'லு' சேர்த்துக் கூப்பிட்டு ஏதேதோ பேசுகிறாள். கடையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு உளி பிடிக்க வராது.

போன வாரம் திரும்பிப் போகும்போது கடை முன்னால் நின்றாள்.

"நல்லா ஆழமா வெட்டினியாப்பா? ஈரத்துல அழிஞ்சிடாதே?"

"அழியாதும்மா."

கிழவி என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.