பத்து நிமிஷத்தின் வலது கை

தம்பி இறந்து ஏழு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவனுடைய வலது கைச் சுண்டுவிரல் பட்டறையின் 3டி பிரிண்டரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை ரெசினில், அசல் அளவில், கடித்த நகத்தோடு. பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டி வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அக்கா பார்த்தாள், கத்தவில்லை. பிரிண்டரிலிருந்து எது வந்தாலும் முதலில் ஸ்பிரிட்டில் அலச வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுப்புப் போகாது. அலசி, ஊதிக் காயவைத்தாள். விரல் உள்ளே வெறும் கூடாக இருந்தது. உலோகம் வீணாகக் கூடாதென்று கனமான மாடல்களையெல்லாம் உள்ளே குழித்து வரைவது அவன் வழக்கம். செத்த பிறகும் இவனுக்குச் சிக்கனம் போகவில்லை என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் அழுதாள்.

இரண்டு பேர் பட்டறை அது. அவன் கம்ப்யூட்டரில் நகையை வரைந்து ரெசினில் அச்செடுப்பான். அவள் அந்த அச்சை வெளிச்சப் பெட்டியில் வைத்து இறுகச் செய்து, வார்ப்பு மாவுக் குழம்பில் புதைத்து, உலையில் ஏற்றி, ரெசின் எரிந்துபோன பள்ளத்தில் வெள்ளியையோ தங்கத்தையோ ஊற்றுவாள். பெட்டிக்குள் ஒரு மாடல் நாற்பத்தைந்து நிமிடம் சுழல வேண்டும். நேரம் குறைந்தால் மேலுக்குக் கல் மாதிரி தெரியும், உள்ளே இறுகாமல் பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சை, மாவை அரித்து, வார்த்த நகையை அம்மைத் தழும்பு விழுந்த முகமாக்கிவிடும். தம்பிக்கு நாற்பத்தைந்தும் போதாது. மேசையை இரண்டு தட்டுத் தட்டி, "இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டும்க்கா" என்பான். அதனால் தெருவில் அவன் பெயரே பத்து நிமிஷம் என்றாகிவிட்டது. அக்காவோ எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பவள்.

அவன் இறந்துபோன வாரம் ஒரு கல்யாணத்துக்கு வெள்ளி மோதிரம் வார்க்க வேண்டியிருந்தது. அவன் பல் வைத்தியரிடம் போயிருந்த நேரம் பார்த்து, பதினைந்தாவது நிமிடத்திலேயே அவள் பெட்டியைத் திறந்து மாடலை எடுத்துவிட்டாள். மோதிரம் புள்ளி புள்ளியாக வந்தது. "உன் டிராயிங்லதான் ஏதோ கோளாறு" என்றாள். அவன் நம்பினான், அக்கா சொன்னால் பகலையும் இரவென்று நம்புகிற பிறவி. இரண்டு நாள் டிராயிங்கைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினான், தப்பு அகப்படவில்லை. ஆனாலும் தப்பு என்னுடையதுதான், நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று மோதிரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்குக் கிளம்பினான். நாற்சந்தியில் லாரி வந்தது. சட்டையோடு திரும்பி வந்த மோதிரத்தை அவள் இழுப்பறையில் போட்டு மூடினாள். நடந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அடுத்தடுத்த செவ்வாய்களில் மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல் என்று வரிசையாக வந்தன. ஆறாவது செவ்வாய் உள்ளங்கை வந்தது, சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்போடு. அத்துடன் பிரிண்டர் ஓய்ந்தது. தொட்டியின் அடியில் ஒரு விரலுக்குப் போதுமான ரெசின் மிச்சமிருந்தது. அதைக் கொட்ட மனம் வராமல் மூடி வைத்தாள். அம்மா வந்து ஆறையும் முந்தானையில் வாங்கிக்கொண்டு போய், ஜன்னலோர அலமாரியில் பஞ்சு விரித்து வைத்தாள். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். நகம் கடிக்கிற பழக்கத்தை அவன் கடைசி வரை விடவில்லை என்றார்கள், வெங்காயம் விலை ஏறிவிட்டது என்றார்கள், போனார்கள்.

ஆனால் இந்த ரெசின் வைத்திருப்பதற்கு ஆனதல்ல, எரிவதற்கென்றே செய்தது. வருடக்கணக்கில் வெயில் பட்டால் பொடிந்துபோகும். அக்கா அதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள், வெள்ளியில் வார்த்துவிடலாம் என்றாள். "ஒரு தடவை எரிச்சாச்சு. திரும்பவும் எரிக்கச் சொல்றியா?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பயமும் நியாயம்தான். உலையில் ஏற்றினால் ரெசின் சாம்பலாகும். வார்ப்பு தவறினால் ஒன்றும் மிஞ்சாது. மறுபடி அச்செடுக்கக் கம்ப்யூட்டரில் அப்படியொரு டிராயிங்கே கிடையாது. மூன்றாம் வருடக் கோடையில் அம்மா தூசி துடைக்கச் சுண்டுவிரலை எடுத்தாள். அது அவள் கையிலேயே முட்டை ஓடாக நொறுங்கியது. மோதிர விரலிலும் விரிசல் ஓடியிருந்தது.

தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அம்மா பட்டறைக்கே வந்தாள். "உன் கை தப்பாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, மிச்சத்தைத் தர்றேன்" என்றாள். சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தைதான். அக்கா இழுப்பறையைத் திறந்து புள்ளி விழுந்த மோதிரத்தை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள்.

"அவன் டிராயிங்ல தப்பே இல்லம்மா. நான்தான் பாதியில எடுத்தேன். எடுத்துட்டு அவன் மேல பழியைப் போட்டேன். அதனாலதான் அவன் அன்னைக்குப் போனான்."

அம்மா மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அம்மா எழுந்து போய்விட்டாள். நான்கு நாள் மகளோடு பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு மூடி வைத்திருந்தது. அந்த நான்கு நாளும் அக்கா ஒரு மாடலைக்கூடப் பெட்டியில் வைக்கவில்லை. ஐந்தாம் நாள் செவ்வாய். பட்டறையைத் திறந்தபோது பிரிண்டரில் சுண்டுவிரல் தொங்கியது, கடித்த நகத்தோடு. தொட்டி துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. அவள் ஓடிப்போய் அம்மாவை அழைத்து வந்தாள். அம்மா மீதி ஐந்தையும் பஞ்சோடு கொண்டுவந்து மேசையில் வைத்து, தொங்குகிற விரலை நெடுநேரம் பார்த்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டான்போல" என்றாள்.

விரலை அலசிப் பெட்டிக்குள் வைத்ததும் அம்மா பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும் அக்காவின் கை தானாகக் கதவுக்குப் போயிற்று. அம்மா மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டும்" என்றாள். இருந்தது. பிறகு விரிசல்களை மெழுகால் அடைத்து, ஐந்து விரலையும் உள்ளங்கையோடு மெழுகாலேயே ஒட்டி, இருப்பதிலேயே பெரிய இரும்பு உருளையில் மாவு ஊற்றிப் புதைத்து, மறுநாள் விடிந்ததும் உலையில் ஏற்றினார்கள். சாயங்காலம் வரை அம்மா உலைப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை, எழுந்தும் போகவில்லை. வீட்டிலிருந்த வெள்ளிக் கிண்ணங்களும், அவன் மேசைக்கடியில் மூன்று வருடமாகக் கிடந்த வெள்ளி அரத்தூளும் மூசையில் உருகின. புள்ளி மோதிரத்தை அம்மாவே இடுக்கியால் எடுத்து உள்ளே போட்டாள்.

உருகிய வெள்ளியை ஊற்றி, உருளையைத் தண்ணீரில் இறக்கியதும் மாவு கரைந்து கை வெளியே வந்தது. தேடிப் பார்த்தும் ஒரு புள்ளி இல்லை. மற்ற வார்ப்புகள் தண்ணீரில் ஆறிவிடும். இது உடம்புச் சூட்டோடு நின்றுகொண்டது, இன்றுவரை அந்தச் சூடு குறையவில்லை.

கை இப்போது வெளிச்சப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேரம் ஆகுமுன் யாராவது பெட்டியைத் திறக்கப் போனால் மேசையை இரண்டு தட்டுத் தட்டும். புதிதாகச் சேர்ந்த பாலிஷ்காரர் முதல் நாள் வாசல் வரை ஓடினார். இரண்டாம் நாள் அதன் மேலேயே தன் துண்டை உலர்த்தினார். அக்காவின் அவசரம் மட்டும் மாறவில்லை. மாதத்துக்கு ஐந்தாறு தடவை தட்டு வாங்குவாள், "சரிடா" என்று கதவை மூடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா வந்து கையை வீட்டுக்கு எடுத்துப் போவாள். ஞாயிறு முழுக்க மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திங்கட்கிழமை காலை துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள். கூட ஒரு நாள் வைத்துக்கொள்ளேன் என்று அக்கா ஒவ்வொரு வாரமும் சொல்வாள்.

"எப்படி? அவனுக்கு வேலை இருக்கே" என்பாள் அம்மா.