தாழ்ப்பாள் கேட்ட மனு

குட்டியின் தலையிலிருந்து கிளிப்பை உருவித் தன் மழைக்கோட்டின் கழுத்தில் மாட்டிக்கொண்டாள் அண்ணி. அங்கே பட்டன் அறுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"சாயந்தரம் தந்துடறேன்டி. ஆமா, என் மனுவுக்கு நம்பர் போட்டியா?"

"போட்டாச்சு அண்ணி."

"மகராசி." கன்னத்தில் ஒரு தட்டு. மீட்டர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அண்ணி மழையில் இறங்கிப் போனாள்.

நம்பர் போடவில்லை. மனு ஒன்பது நாளாகக் குட்டியின் மேசை இழுப்பறையில், முத்திரை மைப்பெட்டிக்கு அடியில் கிடந்தது.

இருவருக்கும் ஒரே குடிநீர் அலுவலகம். அண்ணி வீடு வீடாக மீட்டர் பார்ப்பவள். முப்பத்து நான்கு வயதிலும் வீட்டில் குட்டியாகவே இருந்தவளுக்குத் தபால் பிரிவு. அலுவலகத்தில் பெயர் 'தபாலு'. உள்ளே வரும் எந்தக் காகிதத்துக்கும் அவள் கையால் முத்திரையும் நம்பரும் விழவேண்டும். விழாத காகிதம் வரவே இல்லை என்றுதான் அர்த்தம்.

மீட்டர் பார்க்கும் பெண்கள் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மேற்பார்வையாளர் அடிக்கடி 'தெரியாமல்' கதவைத் திறந்துவிடுவார். செருப்புச் சத்தமே கேட்காது என்பதால் அவருக்குப் பூனை என்று பெயர். அண்ணி இரண்டு மனு எழுதினாள். இரண்டுக்கும் நம்பர் விழுந்தது. அதிகாரி 'கவனிக்கப்படும்' என்று எழுதி வைத்துக்கொண்டார். கவனிப்பு வேறு விதமாக வந்தது. மாதம் ஒருவருக்கு என்று சுற்றில் வரவேண்டிய மேட்டுக் குடியிருப்பு, முந்நூற்றுச் சொச்சம் படிகள், அதன்பிறகு மாதா மாதம் அண்ணிக்கே வந்தது. மூன்றாவது மனுவைத் தலைமை அலுவலகத்துக்கு என்று எழுதினாள்.

அதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்ததுதான் வினை.

"'பணிவுடன்'கிறத எடுத்துடு," என்றான் அண்ணன். "எதுக்குப் பணியணும்?"

"சிங்கம்டி நீ," என்று அம்மா மருமகள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

குட்டி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் அவளும் பதினோரு மாதம் மீட்டர் பார்த்தவள். அதே அறை, அதே கதவு, அதே பூனை. "வெயில் ஒத்துக்கல" என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தபால் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். "எதுலயாவது நிலைச்சு நிக்கிறாளா பாரு" என்றாள் அம்மா. அண்ணன் சிரித்தான். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. யாரும் கேட்காதது மட்டும் இப்போது உள்ளே எரிந்தது. தனக்கு நடந்தபோது வெயில், அண்ணிக்கு நடந்தால் சிங்கமா?

மறுநாள் மனு அவள் கைக்கு வந்தது. நாளைக்குப் போடலாம் என்று இழுப்பறையில் வைத்தாள். ஒன்பது நாளும் அதே 'நாளைக்கு'தான்.

அண்ணி கிளிப்பை வாங்கிக்கொண்டு போன அன்று பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மேட்டுக் குடியிருப்புப் படியில், மழையில், கால் வழுக்கி. கொண்டுபோகும் வழியிலேயே அண்ணி இறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் மழைக்கோட்டை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கிளிப் அதிலேயே இருந்தது.

அண்ணன் விடவில்லை, நியாயம் கேட்டு ஏறி இறங்காத அலுவலகப் படி கிடையாது. ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா விசாரணைக்கு வந்தார். அண்ணன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். குட்டியைப் பதிவேட்டோடு வரச்சொன்னார்கள்.

"மூணாவது மனுன்னு ஒண்ணு வரவே இல்லைங்க மேடம்," என்றார் பூனை. "பதிவேட்டப் பாருங்க. அந்தம்மாவுக்குக் கோபம் ஜாஸ்தி. எழுதப்போறேன், எழுதப்போறேன்னு சொல்லிட்டே இருந்திருப்பாங்க. இதோ, அவங்க வீட்டுப் பொண்ணே இருக்கு. தபாலு தங்கமான பொண்ணு மேடம். வாயே திறக்காது."

பதிவேட்டில் அப்படி ஒரு மனு இல்லைதான். அதைத் திறந்து காட்டிவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கலாம்; வேலை தப்பியிருக்கும், அண்ணனும் கைவிட்டுப் போயிருக்கமாட்டான். குட்டி பதிவேட்டைத் திறக்கவில்லை. அதற்கு அடியிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வந்துச்சு மேடம். நான்தான் நம்பர் போடாம வெச்சிருந்தேன்."

"ஏன்?"

"பொறாமை."

அந்த அம்மாவின் பேனா நின்றது.

"நானும் அந்த ரூம்லதான் துணி மாத்தினேன். இவரு என்மேலயும் கதவைத் திறந்தாரு. நாலு தடவ. நான் வெயில்னு பொய் சொல்லிட்டு இங்க வந்து ஒளிஞ்சுகிட்டேன். அண்ணி சொன்னாங்க. அவங்களால மட்டும் எப்படி முடிஞ்சுதுன்னு..."

"மேடம், துக்கத்துல என்னமோ உளறுது."

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்றார் அந்த அம்மா, பூனையிடம்.

குட்டி சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலி நகரும் சத்தமும், அண்ணன் வெளியேறிப் போகும் செருப்புச் சத்தமும் கேட்டன.

மனுவுக்கு அன்றே நம்பர் விழுந்தது, வேறொருவர் கையால். பூனையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். குட்டிக்கு மூன்று மாதம் தற்காலிகப் பணிநீக்கம். திரும்பியபோது தபால் பிரிவு இல்லை, மீட்டர் புத்தகம். அந்த மூன்று மாதமும் அண்ணன் அவளிடம் பேசவில்லை. ஒரு நாள் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டான்.

"பொறாமைப்பட அப்படி என்னடி இருந்துச்சு அவகிட்ட?"

"எல்லாம்."

அவன் வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அலுவலகத்தில் பெண்கள் பேச்சுவாக்கில், "உங்க அண்ணி இருந்திருந்தா இத விட்டிருக்கமாட்டாங்க" என்பார்கள். இப்போதும் உள்ளே ஒரு சுருக். செத்தவள்மீது பொறாமைப்படுகிற ஜன்மம் உண்டா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். சுருக் மட்டும் போவதில்லை.

இந்த மாதம் மேட்டுக் குடியிருப்பு அவளுக்கு. காலையில் மழைக்கோட்டின் கழுத்தில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த பெண் உடை மாற்றி முடிக்கும்வரை கதவில் முதுகைச் சாய்த்து நிற்கிறாள்.

கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை.