அக்காவுக்கு எதை முதலில் காட்டுவது

இல்லை, முதலில் மழையைத்தான் காட்டவேண்டும், கடலைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, கடல் எங்கேயும் கடல்தான், ஆனால் மழை வருவதைக் கண்ணால் பார்க்க முடிகிற ஊர் எத்தனை இருக்கிறது... தூரத்தில் தண்ணீருக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு திரை, அது நகரும், படகுகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வரும், கொடியிலிருந்து துணி எடுக்க நேரம் கொடுத்துவிட்டுத்தான் கரையேறும், இவ்வளவு மரியாதை தெரிந்த மழையை அக்கா எங்கே பார்த்திருக்கப்போகிறாள் என்று நினைத்தபடியே அவள் எக்ஸ்ரே அறையைப் பூட்டினாள். பூட்டு முரண்டு பிடித்தது. உப்புக்காற்று, இங்கே பூட்டு, கத்தரிக்கோல், சைக்கிள் செயின், எதையும் விட்டுவைக்காது, வந்த புதிதில் தோல் செருப்பில் பூசணம் பூத்ததற்கே உட்கார்ந்து அழுதிருக்கிறாள், இப்போது பூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய், செருப்புக்குக் கொஞ்சம் வெயில், அழுகைக்குத்தான் நேரமில்லை. என்னடி இருக்கு இந்தத் தீவுல என்று அக்கா கேட்பாள், கேட்கத்தானே வருகிறாள், "நான் வரேன், நேர்ல பேசிக்கலாம்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள், அக்காவின் அகராதியில் நேரில் பேசுவது என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது, ஒற்றைக்காலில் நின்றாவது நினைத்ததைச் சாதித்துவிடுவாள்... வரட்டும், இந்தத் தடவை பதில் இருக்கிறது, ஒன்றா இரண்டா, கைவசம் அவ்வளவு இருக்கிறது, எதை முதலில் எடுப்பது என்பதுதான் குழப்பம், கால் தரையில் பாவாமல் படகுத்துறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

என்ன இருக்கிறதா... இந்தச் சாலை இருக்கிறதே, ஊருக்கே ஒரே சாலை, இடது பக்கம் போனாலும் வலது பக்கம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும், வழி தவறியே பழகிப்போனவளுக்கு இதைவிட என்ன வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் யாரோ துப்பிய விதையில் முளைத்த பப்பாளி, ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல் கூரையைத் தாண்டிவிட்டது, டாக்டரும் பறிக்கிறார், கையில் கட்டோடு நோயாளியும் பறிக்கிறார். படகு வராத நாளில் காய்கறி இல்லை, செய்தித்தாள் இல்லை, ஆனால் யாரும் யாரையும் திட்டுவதில்லை, கடல் விடவில்லை என்று சொல்லிவிட்டுக் குட்டித் தூக்கம் போடப் போய்விடுகிறார்கள், அங்கே சொந்த ஊரில் பஸ் கொஞ்சம் தாமதித்தால் என்ன ஆர்ப்பாட்டம்... பிறகு சாயங்காலம், வேலை முடிந்து உடுத்திய துணியோடு கழுத்துவரை தண்ணீரில் நின்றாலும் ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை, அதுதானே, அதுதானே முக்கியம், கேட்பதில்லை. விவாகரத்தான கையோடு யாருமே விரும்பாத இந்த மாற்றலை அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததே அதற்காகத்தானே, அங்கே மாவு மில்லில்கூட விசாரித்தார்கள், அக்கா மட்டும் என்ன, "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்ல" என்றுதானே சொன்னாள்... சே, இன்றைக்கு அதை நினைக்கவேண்டாம், அதோ படகு, வெள்ளையாக, பொம்மை மாதிரி, நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது, சண்டைக்குத் தயாராக வந்தவளுக்குச் சிரிப்பு ஏன் முட்டிக்கொண்டு வருகிறது.

"எலும்பம்மா, உங்க அக்கா பாதி உயிரைக் கடல்லயே விட்டுட்டாங்க" என்று கயிற்றை எறிந்தபடி படகுக்காரர் சொன்னார், ஊரார் எலும்பையெல்லாம் படம் பிடிப்பதால் அவர் வைத்த பெயர், அதுவும் அவளுக்குப் பிடித்தவற்றில் ஒன்று, அதையும் சொல்லவேண்டும்... அக்கா தள்ளாடி இறங்கினாள், முகம் வெளிறி, தலை கலைந்து, இவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "பூமி இன்னும் ஆடுதுடி" என்றாள். ஆடும், கொஞ்ச நேரம் ஆடும், அப்புறம் அதுவே பிடித்துப்போகும் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் படகுக்காரர் பெட்டிகளை இறக்கினார், ஒன்று, இன்னொன்று, பிறகு கயிறு போட்டுக் கட்டிய மூன்றாவது. "நாலு நாளைக்கு எதுக்குக்கா இவ்வளவு?" "நாலு நாள்னு யாரு சொன்னா?" "மாமா...?" அக்கா தண்ணீரைப் பார்த்தாள். "அவர் அங்க இருக்கார். உன் வீடு சின்னதா?" "ஒரு ரூம்தான்க்கா." "போதும்."

அவ்வளவுதான். வரமாட்டேன் என்று சொல்லச் சேர்த்துவைத்த பதில்களெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றன, அவற்றை இனி யாரிடம் சொல்வது, கேட்கிற ஆளே இந்தப் பக்கம் வந்து நிற்கிறாளே... ஏன் என்று கேட்கக்கூடாது, கேட்காத ஊர் இது, கேட்காமலே அணைத்துக்கொண்டாள், அக்காவின் முதுகு நடுங்கியது, அலைச்சலா அழுகையா தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, நிஜமாகவே, நெஞ்சு இன்னும் துள்ளிக்கொண்டுதான் இருந்தது, அக்காவுக்கு எல்லாவற்றையும் காட்ட ஆசைப்பட்டது உண்மை, ஆனால் காட்டுவதும் கொடுப்பதும் ஒன்றா, பங்கு போடவும் ஆசைப்பட்டோமா என்று அவள் இதுவரை தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை... பெரிய பெட்டியைத் தூக்கினாள், கனத்தது, கை மாற்றிக்கொண்டாள். நிமிர்ந்தபோது அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழி தெரிந்தவளைப் போல முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.