ஆளுக்கு ஒரு துண்டு

அது மழைக்காலமா, வெயில்காலமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யார் முதலில் வாய் திறந்தார்கள் என்பதையும் மாற்றிச் சொல்லிவிடக்கூடும். தப்புச் செய்தவர்களில் நானும் ஒருவன். அதனால் என் ஞாபகத்தை நானே முழுதாக நம்புவதில்லை.

அச்சகத்தில் நான் பிழை திருத்துபவன். காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இருந்தவரை அண்ணன் என்போம். புத்தகம் தைக்கும் மேசையில் அக்கா. அச்சு ஓட்டுபவனுக்கு மாப்பிள்ளை என்று பட்டப்பெயர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்தும் முதலிரவுக்குப் போகிறவன்போலத் தலை வாரிக்கொண்டு வருவான்.

அண்ணனின் வலது கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. ஒரு மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். இயந்திரத்தின் மிதியை அந்தக் காலால்தான் அழுத்த வேண்டும்.

அண்ணன் அன்றே இனிப்பை விட்டார். நாங்கள் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துத் தின்னும்போது அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நானே அதிகம் பேசாதவன், அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. ஆனாலும் அவரிடம் அதைப் பார்க்கத் தாங்கவில்லை. ஒருநாள் திருத்திய தாள்களுக்கு அடியில் ஒரு பிஸ்கட்டை வைத்து அவர் பக்கம் நகர்த்தினேன். "ஒண்ணுதானே. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். மறுநாளும் நகர்த்தினேன்.

பதினைந்தாம் நாள் அண்ணன் பரிசோதனைச் சீட்டோடு வந்தார்.

"ஏறியிருக்கு."

"எப்படிண்ணே ஏறும்? நீங்கதான் எதையும் தொடறதே..." என்ற அக்காவின் குரல் பாதியில் தேய்ந்தது. ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தினம் ஒரு துண்டு கேக்தான் கொடுத்தேன். பாவமா இருந்துச்சு."

"அக்கா, நீங்களுமா?" மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். சீவிய தலை கலைந்ததை அன்றுதான் பார்த்தேன். "நான் போடுற டீல அவருக்கு மட்டும் ஒரு ஸ்பூன்..."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"பிஸ்கட்" என்றேன். "முதல்ல ஒண்ணு. அப்புறம் மூணு."

"வாயே திறக்காத ஆளு, இதுல மட்டும் எங்களை முந்திட்டீங்களே சார்!" என்றான் மாப்பிள்ளை.

"நீங்களாவது சொல்லக்கூடாதாண்ணே?" என்றாள் அக்கா.

"ஆசையா நீட்டுறீங்க. வேணாம்னு சொல்ல மனசு வரலம்மா." அண்ணன் சிரித்தார். சிரித்தபடியே வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டார். அதன் பிறகு எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு அக்கா எழுந்து சர்க்கரை டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "நாளையிலேர்ந்து நாலு பேருக்கும் ஒரே டீ, ஒரே சாப்பாடு. கசந்தா எல்லாருக்கும் சேர்ந்தே கசக்கட்டும்."

அவித்த காய்களை நடுவில் வைத்துத் தின்றோம். "ஆடு மாடு மாதிரி ஆக்கிட்டீங்களே" என்று மாப்பிள்ளை புலம்புவான். அண்ணன் இப்போது சுவரைப் பார்க்கவில்லை, எங்கள் வாயைப் பார்த்தார். "டேய், கன்னத்துல என்னடா அடக்கி வச்சிருக்க? துப்பு!" மாப்பிள்ளை மிட்டாயைத் துப்பினான். அதுவரை புத்தகம் படித்தபடியே சாப்பிட்டு வந்த நான், அதை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் பழகினேன்.

மாதக் கடைசியில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. டாக்டர் இன்னொரு மாதம் பொறுத்தார். அதற்குள் புண் ஓரங்களிலிருந்து மூடத் தொடங்கியது. விரல் தப்பியது.

அண்ணன் ஒன்பது வருடம் கழித்து ஓய்வு பெற்றார். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். அக்கா சொந்தமாக நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை வேறொரு அச்சகத்தில் மேற்பார்வையாளன். எங்கள் பழைய அச்சகத்தை மூடிவிட்டார்கள். நான் வீட்டிலிருந்து பிழை திருத்துகிறேன்.